இன்னும் ஓர் அகப்பை

நான் சிறுவனாக இருந்த காலத்தில் கல்முனைக்குடியில் வயிறு வைத்த மனிதர்கள் சிலர்தான். காணி பூமி நிறைந்த போடிமார், அரிசி ஆலைக்காரர், துணிக்கடை முதலாளிமார். சாரத்துக்கு மேலே அகலமான பச்சை பெல்ட்டைக் கட்டி, பெல்ட்டுக்கு மேலே வயிற்றை இருத்திக்கொண்டு அவர்கள் ஜும்ஆவுக்கு நடந்துவரும் தோரணையே வேறு. அந்த வயிற்றைப் பார்த்தே கடன் கொடுத்தார்கள், அந்த வயிற்றைப் பார்த்தே சம்பந்தம் பேசினார்கள். மற்றவர்கள் எல்லோரும், வேளாண்மை வெட்டப் போகிறவர்களும் கரைவலை இழுக்கிறவர்களும் மருதமுனையில் தறி மிதிக்கிறவர்களும், இன்றைய பொடியன்மார் மாதச் சந்தா கட்டி ஜிம்மில் தேடுகிற உடம்போடு திரிந்தார்கள். அந்த உடம்பைப் பார்த்து ஒருவரும் பெண் கொடுக்க முந்தவில்லை.

இன்று எங்கள் கரையோரத்தில் வயிறு பொதுச்சொத்தாகிவிட்டது. ஓட்டோக்காரருக்கும் உண்டு, ஆசிரியருக்கும் உண்டு, கச்சேரிக் கிளார்க்குக்கும் உண்டு. வயிறு இல்லாமல் இருப்பதற்குத்தான் இப்போது காசு செலவாகிறது.

அந்தக் காலத்தில் மெலிவு ஒரு குற்றச்சாட்டு. விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் வாசலிலேயே விசாரணை தொடங்கிவிடும். “என்ன மனே, காஞ்சி போய்க் கிடக்காய்? அங்க சோறு தாறல்லியா?” கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தால் அதற்கொரு அல்ஹம்துலில்லாஹ். உம்மம்மாவின் கையில் சிரட்டை அகப்பை இருக்கும்வரை ‘போதும்’ என்ற சொல் அவவின் காதில் விழாது. தட்டுக்கு மேலே கையை விரித்து மறைத்தால் விரல்களின் மேலேயே சோறு விழும். சூடு தாங்காமல் கையை இழுத்ததும் மிச்சமும் விழும்.

அந்த மேலதிக அகப்பையைத்தான், அரை நூற்றாண்டு கழித்து, என் இளைய மகன் கைப்பேசியில் ஒரு செயலியைத் திறந்துவைத்து ‘கலோரி சர்ப்ளஸ்’ என்று எனக்கு விளக்கினான்.

“உடம்பு ஒரு நாளைக்குச் செலவழிக்கிறதை விடக் கொஞ்சம் கூடத் திண்டாத்தான் தசை ஏறும் வாப்பா. கூடிப்போனாக் கொழுப்பு.”

“கொஞ்சம் எண்டா?”

“முந்நூத்தம்பது, ஐநூறு கலோரி. அவ்வளவுதான்.”

எனக்குக் கணக்கு பழைய அளவைகளில்தான் ஓடும். ஒரு சுண்டு அரிசி கால் கிலோவுக்குச் சற்றுக் குறையும். சமைக்காத அரிசி 100 கிராமில் 360 கலோரி அளவில் இருக்கிறது. ஆக, அவன் சொன்ன மிகை அரைச் சுண்டு அரிசி. அகப்பைக் கணக்கில் இரண்டு, உம்மம்மா குவித்து அள்ளினால் ஒன்றரை. இதற்காகவா ஓர் இயந்திரத்தைச் சட்டைப்பையில் சுமக்கிறாய் என்று கேட்க வந்தேன். அவன் அதற்குள் கோழியின் நெஞ்சுக்கறியை நிறுத்துக்கொண்டிருந்தான்.

எனக்குப் பத்து வயதான 1973ஐ அவனுக்குச் சொன்னால் நம்பமாட்டான். உலகப்போர்க் காலத்தில், 1942இல், தொடங்கிய கூப்பன் அரிசி அப்போதும் இருந்தது. அந்தக் கூப்பனில் கைவைத்த அரசுக்கு என்ன நடக்கும் என்பதை 1953இல் நாடு கண்டது. ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற, ஹர்த்தாலில் நாடே நின்றது; பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவியை விட்டார். எழுபதுகளின் நடுவில் வந்த தட்டுப்பாட்டில் பாணுக்கு வரிசை, சீனிக்கு வரிசை, மரவள்ளிக் கிழங்குக்குத் திடீர் மரியாதை. எங்கள் பக்கம் நிலைமை கொஞ்சம் விசித்திரம். கல்லோயாத் தண்ணீர் பாயும் பூமி. வீட்டுக்குள் நெல் இருந்தது. ஆனால் அரிசியை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகக் கட்டுப்பாடு, வழியெல்லாம் சோதனைச் சாவடி. கொழும்பிலிருந்து வரும் சொந்தக்காரர் ஒருவர் மெலிந்து வருவார், இரண்டு நாளில் பருத்துப் போவார். சாரத்துக்குள்ளே இடுப்பைச் சுற்றிப் பைபையாக அரிசி. உடம்பை அவ்வளவு கெதியாக ஏற்றிய ஆளை நான் அதன் பிறகு எந்த ஜிம்மிலும் காணவில்லை.

திரிபோஷ என்ற மா இலங்கையில் பகிரப்படத் தொடங்கியதும் அதே 1973இல்தான். சோளமும் சோயாவும், பிறகு பால்மாவும் விற்றமின்களும் சேர்ந்த மா. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை ஏறாத பிள்ளைகளுக்கும் இலவசம். கிளினிக்கில் பிள்ளைகளைத் தொட்டில்போல ஒரு துணிக்குள் இருத்தி, கொழுவித் தொங்கும் தராசில் நிறுப்பார்கள். என் தங்கச்சி அதில் தொங்கிக்கொண்டு அலறியது இன்னும் காதில் இருக்கிறது. எடைக்கோடு மேலே போகாவிட்டால் மிட்வைஃப்பிடம் உம்மாவுக்கு ஏச்சு, கையில் ஒரு பக்கட். அந்தப் பக்கட் தங்கச்சிக்கு மட்டும் என்று அரசாங்கம் நினைத்தது. உம்மா அதில் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிசைந்து உருண்டை பிடித்தா. வீட்டில் எத்தனை வாய் இருந்ததோ அத்தனை உருண்டை. எடை ஏற வேண்டியவளைத் தவிர எல்லோருக்கும் ஏறியது.

இவ்வளவு பஞ்சத்துக்கிடையே அந்தக் காலத்து மனிதர்கள் எப்படி அப்படியொரு தோளும் மாரும் வைத்திருந்தார்கள் என்று மகன் கேட்டான். பழைய படமொன்றில் என் வாப்பாவைப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி அது. “உங்கட வாப்பா என்ன புரோட்டீன் எடுத்தாரு?”

பழஞ்சோறு எடுத்தார். விடியற்காலையில் அதில் எருமைத் தயிர், ஒரு துண்டு கருவாடு, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும். பகலில் வயல் வாடிக்கு வரும் சோறும் சூடை மீன் ஆணமும். அதன் பிறகு நடந்ததைத்தான் யாரும் செயலியில் பதியவில்லை. வெட்டு, உப்பட்டி கட்டு, சூடு வைப்பு, சூடடிப்பு. களவெட்டியில் மாடு சுற்றிய காலமும் உண்டு, பிறகு ட்ரக்டர் சுற்றிய காலமும் உண்டு. இரண்டிலும் மூடையைத் தூக்கியது மனிதன்தான். ஒரு மூடை நெல் அறுபது கிலோவுக்கு மேலே. நிலத்திலிருந்து முழங்காலுக்கு, முழங்காலிலிருந்து தோளுக்கு, வரம்பில் நடந்து வண்டிக்கு. இந்த அசைவுகள் ஒவ்வொன்றுக்கும் இன்று இங்கிலீஷில் பெயர் இருக்கிறது, சொல்லிக்கொடுக்கக் கட்டணம் இருக்கிறது. முல்லைக்காரனுக்கு அந்தக் கட்டணத்தை நாங்கள் கொடுக்கவில்லை. அவனுக்கு நெல்லில் பங்கு கொடுத்ததோடு சரி.

இதையும் அறிஞர்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் 2001இல் கூட்டிய நிபுணர் குழு, சும்மா கிடக்கும் உடம்பு எரிக்கும் சக்தியை ஒன்று என்று வைத்தால், கதிரையில் இருந்து வேலை செய்கிறவர் அதுபோல் 1.4 தொடக்கம் 1.7 மடங்குக்குள் செலவழிக்கிறார் என்றும், கடும் உடலுழைப்பாளி 2 தொடக்கம் 2.4 மடங்கு என்றும் பிரித்தது. அறுபது கிலோ ஆணுக்குச் சும்மா கிடக்கும் செலவு 1,500 கலோரியைச் சுற்றி வரும். வாப்பா 3,300 எரித்திருப்பார். வங்கிக் கண்ணாடிக்குப் பின்னால் ஓய்வுபெறும்வரை உட்கார்ந்த நான் 2,300 எரித்திருப்பேன். இடையில் ஆயிரம் கலோரி. சுண்டுக் கணக்கில் ஒன்றேகால். எங்கள் வீட்டில் அகப்பை மாறவில்லை, பானை மாறவில்லை, ‘இன்னும் கொஞ்சம் போடவா’ மாறவில்லை. மூடை மட்டும்தான் மாறியது. அதை இப்போது இயந்திரம் வெட்டி, அடித்து, தூற்றி, வண்டிக்குள் கொட்டுகிறது. போடியாரின் வயிறு ஊருக்கெல்லாம் கிடைத்தது இப்படித்தான். ஒருவரும் கூடத் தின்னவில்லை. எல்லோரும் அதே சோற்றைத்தான் தின்றோம்.

ஜிம்காரர்கள் ‘பல்க்’ என்றும் ‘கட்’ என்றும் இரண்டு பருவம் வைத்திருக்கிறார்கள்: சில மாதம் தின்று பெருக்குவது, சில மாதம் குறைத்துக் கொழுப்பை இறக்குவது. இதை மகன் பெரிய கண்டுபிடிப்பாகச் சொன்னபோது எனக்கு மாரி நினைவுக்கு வந்தது. வடகீழ்ப் பருவக்காற்று எழும்பினால் எங்கள் கடல் தோணியை ஏற்றாது. கரைவலை மரத்தடியில் கிடக்கும். அதே நேரம் வயலில் பயிர் பச்சையாக நிற்கும், அறுவடைக்கு மாசி பங்குனி வரவேண்டும். கார்த்திகை, மார்கழி, தை முழுக்க ஊர் தானாகவே ‘கட்’ செய்யும். கடையில் கடன் கொப்பி மட்டும் பெருக்கும். வெட்டு வந்ததும் புது அரிசி, கடல் அடங்கியதும் கீரி மீன், தயிர்ச் சட்டிகள் வரிசையாகக் கடைவாசலில். அந்த மாதங்களில்தான் அதிகச் சுமையும். தின்னும் காலமும் தூக்கும் காலமும் ஒன்றாக வந்தன என்பதுதான் விஷயம். நல்ல பயிற்சியாளர் இன்று காசு வாங்கிக்கொண்டு சொல்வதும் அதையே. ஆனால் அந்த ஒழுங்கில் பசியும் இருந்தது, எடை ஏறாத தங்கச்சிகளும் இருந்தார்கள். அது பொற்காலம் என்று யாரும் என்னிடம் கையெழுத்து வாங்க முடியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் வயதுக்காரரிடையே உடம்பு வளர்க்கும் ஆசை புறப்பட்டது. புரூஸ் லீயின் படங்கள் ஊருக்கு வந்து பல வருடமாகியும் மோகம் அடங்கவில்லை. அதோடு அர்னோல்ட் சுவார்செனெகரின் படமொன்று சலூன் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டது. கடற்கரைப் பக்கம் தென்னந்தோட்டத்துக்குள் கிடுகுக் கொட்டில் ஒன்று போட்டோம். பெயின்ற் தகரத்துக்குள் சீமெந்தை ஊற்றி, நடுவில் தண்ணீர்க் குழாயைச் செருகிக் காயவைத்தால் பாரம் தயார். இரண்டு தகரமும் ஒரே எடையாக வந்ததே இல்லை. அந்தத் தலைமுறையின் இடது தோள் ஏன் சற்று இறங்கியிருக்கிறது என்பதற்கு அதுதான் விளக்கம்.

தின்னுவதற்கான கோட்பாடு எங்களுக்கு ஒன்றுதான்: கிடைத்ததெல்லாம். அடித்து நுரைத்த முட்டைக் கோப்பி, கதலிப்பழம், மாட்டிறைச்சி, வெந்தயக் களி, உழுந்துக் களி, இரவில் ரின்பால் ஊற்றிய மோல்ட். மைலோ என்ற பானத்துக்குப் பெயர் வந்தது பழைய கிரேக்க மல்லன் ஒருவனிடமிருந்து; குரோட்டன் ஊர் மைலோ, கன்றுக்குட்டியை நாளாந்தம் தூக்கி, அது காளையான பிறகும் தூக்கினானாம். எங்கள் கொட்டிலில் பானத்தைக் குடித்தவர் பலர், கன்றைத் தேடியவர் இல்லை. மச்சான் ஒருவர் இதில் முன்னணி வீரர். அவர் கொட்டிலுக்கு வந்தால் இரண்டு தரம் தகரத்தைத் தூக்குவார், பிறகு தின்ன வேண்டிய நேரம் வந்துவிடும். ஆறு மாதத்தில் அவருக்கு மார்பு ஏறியதோ இல்லையோ, வயிறு ஏறியது, கன்னம் ஏறியது, கழுத்து மறைந்தது. ஊர் அதைப் பார்த்து மாஷாஅல்லாஹ் சொன்னது. அந்த வருடமே சம்மாந்துறையிலிருந்து நல்ல சம்பந்தம் ஒன்று, காணியோடு வீட்டோடு. பெண்ணின் வாப்பா சொன்னாராம்: “மாப்புள நல்ல தேகக்காரன்.” எங்களில் ஒழுங்காகப் பயிற்சி செய்து வயிறு ஒட்டி இருந்தவர்களுக்கு ‘பொடியனுக்கு ஏதும் வருத்தமோ’ என்று விசாரணை வந்தது.

இன்று கல்முனைப் பிரதான வீதியில், கொழும்பிலிருந்து பொத்துவில், அக்கரைப்பற்று சுற்றி மட்டக்களப்புக்குப் போகும் அந்த நெடுஞ்சாலையின் ஓரத்தில், மாடிக்கு மாடி ஜிம். கண்ணாடிச் சுவர், குளிரூட்டி, காதைப் பிளக்கும் பாட்டு. இஷாத் தொழுகைக்குப் பிறகு மோட்டார் சைக்கிள் நிறுத்த இடமிருக்காது. கத்தாரிலும் சவூதியிலும் வேலைசெய்து திரும்பிய பொடியன்மார் முன்பு ரேடியோ கொண்டுவந்தார்கள், பிறகு போர்வை கொண்டுவந்தார்கள், இப்போது வாளி அளவுப் புரோட்டீன் டின் கொண்டுவருகிறார்கள். சுவரில் அர்னோல்டோடு நம் நாட்டு லூசியன் புஷ்பராஜும் நிற்கிறார், 2018இல் தாய்லாந்தில் உலகப் பட்டம் வென்றவர். ஒரு தமிழ்ப்பெயர் அந்தச் சுவரில் இருப்பது எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

மகனைப் பழிக்க எனக்கு மனமில்லை. எங்கள் கொட்டில் கோட்பாட்டை விட அவனது கோட்பாடு எவ்வளவோ கண்ணியமானது. கிடைத்ததெல்லாம் தின்பவனுக்கு என்ன நடக்கும் என்பதை நோர்வேயில் ஒழுங்காகச் சோதித்திருக்கிறார்கள்: 2013இல் வெளிவந்த இனா கார்த்தேயின் ஆய்வில், சிறந்த விளையாட்டு வீரர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கூடுதலாகத் தின்ன வழிகாட்டினார்கள், மற்றப் பிரிவு தன் பசிக்குத் தின்றது. சில வாரங்களில், கூடத் தின்றவர்களின் கொழுப்பு 15 சதவீதம் ஏறியது, மற்றவர்களுடையது 3 சதவீதம். தசையில் இரு பிரிவுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. நியூசிலாந்தின் ஒக்லாந்தில் எரிக் ஹெல்ம்ஸ் குழு 2023இல் வெளியிட்டதும் இதே ராகம்: நூற்றுக்கு 5 கூட்டித் தின்றாலும் 15 கூட்டித் தின்றாலும், வேகமாக எடை ஏறியவர்களுக்குத் தோலுக்கடியில் மடிப்புத்தான் பெரிதாக ஏறியது. புரதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 49 ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்த 2018ஆம் ஆண்டுக் கணக்கின்படி, உடலெடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வரை பலன். அதன் மேல் தின்பது பெரிதாக எதையும் கூட்டுவதில்லை. அறுபது கிலோப் பொடியனுக்கு 96 கிராம். நெத்தலியும் பருப்பும் கடலையும் முட்டையும் ஒரு கிண்ணம் தயிரும் இரண்டு நேர மீனும் அதைத் தாண்டிவிடும், வாளி இல்லாமலே. எடையும் வாரத்துக்கு 150 தொடக்கம் 300 கிராமுக்குள் ஏறினால் போதுமாம். அவ்வளவு மெதுவாக ஏறினால் ஊரில் ஒருவரும் மாஷாஅல்லாஹ் சொல்லமாட்டார்கள் என்பதுதான் இதிலுள்ள குறை.

மாஸ் கெய்னர் என்று விற்கும் வாளிகள் இந்தப் பொறுமையின்மையில் வாழ்கின்றன. ஒரு நேரத்துக்கு 1,250 கலோரி என்று எழுதியிருக்கும் வகையும் உண்டு. பெரும்பகுதி மோல்ட்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாச்சத்து, சோளத்திலிருந்தும் எடுப்பார்கள். மேலே பால் புரதம், விற்றமின்கள். நான் அதை வாசித்துக்காட்டினேன்: சோளம், பால், விற்றமின். “மகன், இதத்தானே உங்கட மாமிக்குக் கிளினிக்கில சும்மா குடுத்த?” அவன் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் வீட்டுக்குச் சுபோஷ வந்தது. திரிபோஷ நிறுவனம் கடையில் விற்கும் மா அது. தேங்காய்ப்பூவும் சீனியும் இல்லாமல், வெந்நீரில் கரைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறான். உம்மாவின் கையால் உருண்டை பிடித்துத் தின்னும் சந்தோஷத்தை அவனது அறிவியல் அனுமதிக்கவில்லை.

எங்கள் ஆட்களுக்கு இந்தக் கவனம் மற்றவர்களை விடக் கூட வேண்டும் என்பதற்கு ஒரு படம் சாட்சி. புனேயைச் சேர்ந்த டொக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டொக்டர் யுட்கினும் 2004இல் ‘லான்செட்’ இதழில் தங்களையே படமாகப் போட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைச் சுட்டி ஒன்றே, 22.3. பார்வைக்கு இருவரும் ஒல்லி. அளந்தால் யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடம்பில் 21.2. புனேயில் பிறக்கும் குழந்தைகளை அளந்தபோதும் அப்படியே; எடையில் இங்கிலாந்துக் குழந்தையைவிடக் குறைவு, கொழுப்பைச் சேமிப்பதில் குறைவில்லை. ஒல்லியாகத் தெரிந்துகொண்டே உள்ளுக்குள் போடியாராக வாழும் வித்தை தெற்காசியருக்குப் பிறப்பிலேயே கிடைத்திருக்கிறது. அதனால்தான் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எச்சரிக்கைக் கோட்டை 25இல் அல்ல, 23இலேயே போடச் சொன்னது உலக சுகாதார நிறுவனம். ஆண்களின் இடுப்புக்கு எல்லை 90 சென்ரிமீற்றர். ஐந்தடி ஆறங்குல ஆளுக்கு 23 என்பது 65 கிலோ. எங்கள் ஊர்ப் பேச்சில் 65 கிலோ என்றால் ‘சோறு தாறல்லியா’ கட்டம்.

எனக்குச் சீனி வருத்தம் வந்தது இந்தக் கணக்கெல்லாம் தெரிய முன்னரே. 2005–2006இல் இலங்கை முழுவதும் எடுத்த ஆய்வில் வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இரத்தச் சீனி சரியில்லை என்று வந்தது. அந்த ஐந்தில் ஒருவராக இருப்பதில் தனிப் பெருமை எதுவுமில்லை. டொக்டர் சோற்றை நிறுத்து உண்ணச் சொன்னார். அப்படித்தான் மகனின் டிஜிட்டல் தராசு எனக்கும் தராசானது. ஒரே பானை. அவனுக்கு ஏற்ற, எனக்கு இறக்க. நடுவில் என் மனைவி, இரண்டு தட்டுக்கும் இரண்டு எண்ணை மனனம் செய்துகொண்டு. ஒருநாள் மாறிப் போட்டுவிட்டா. அவன் பசியோடு எழும்பினான், நான் பல வருடங்களுக்குப் பிறகு வயிறாரத் தின்று எழும்பினேன். அது தற்செயல் என்றுதான் அவ இன்றுவரை சொல்கிறா.

பின்பு டொக்டரே இன்னொன்றும் சொன்னார். இரத்தத்தில் உள்ள சீனியை இன்சுலின் கொண்டுபோய்ச் சேர்க்கும் பெரிய களஞ்சியம் தசைதான். அறுபதுக்கு மேல் அது தானாகக் கரையும். நடந்தால் மட்டும் போதாது, பாரமும் தூக்குங்கள், புரதத்தைக் கூட்டுங்கள். சின்ன வயதில் தின்னச் சொன்னார்கள், நடுவயதில் தின்னாதே என்றார்கள், இப்போது பார்த்துத் தின்னச் சொல்கிறார்கள். மகனின் பயிற்சியாளர் என் கையில் ஐந்து கிலோப் பாரத்தைத் தந்து, “அங்கிள், மெதுவா” என்கிறார். இரண்டு பக்கமும் ஒரே எடையாக இருப்பது எனக்குப் பழக்கமில்லாதது.

2022ஐச் சொல்லாமல் விட முடியாது. இரசாயன உரத்தை 2021இல் நிறுத்தியதில் அம்பாறை வயல்கள் வெளுத்தன; அடுத்த வருடம் டொலரும் எரிபொருளும் இல்லாமல் நாடே வரிசையில் நின்றது. அந்த செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 95 சதவீதத்தைத் தொட்டது. முட்டை அவ்வளவு அரிதாகி, 2023இல் பேக்கரிகளுக்கென்று இந்தியாவிலிருந்து கப்பலில் முட்டை வந்தது. ஜிம்கள் காலியாகின. மிச்சமிருந்தவர்கள் வெள்ளைக் கருவை மட்டும் தின்று மஞ்சளை ஒதுக்கினார்கள். எங்கள் வீட்டில் மஞ்சளை ஒதுக்கிய அன்று என் மனைவி பேசிய பேச்சை எழுத முடியாது. கரையோர மீனும் கருவாடும்தான் கைகொடுத்தன. சூடை மீனை முள்ளோடு பொரித்துத் தின்ற அந்த மாதங்களில் மகனின் உடம்பு முன்பைவிட இறுகியிருந்ததாக எனக்குத் தோன்றியது. எரிபொருள் இல்லாமல் அவன் நிந்தவூருக்கும் சாய்ந்தமருதுக்கும் சைக்கிள் மிதித்ததும் காரணமாக இருக்கலாம்.

நோன்பு மாதம் இன்னொரு வேடிக்கை. பகலெல்லாம் பட்டினி, ஆனால் மாதக் கடைசியில் ஊரே எடை ஏறி நிற்கும். இறைச்சிக் கஞ்சி, சமோசா, கட்லட், ரோல்ஸ், பேரீச்சம்பழம், சீனித் தண்ணீர். தராவீஹுக்குப் பிறகு கொத்து ரொட்டி. ஜிம்முக்குப் போகாத முழு ஊரும் கச்சிதமாகக் கலோரி மிகையில் வாழும் மாதம் அது. மகன் மட்டும் ஸஹருக்கு எழும்பி, தயிரையும் முட்டையையும் நிறுத்துத் தின்றுவிட்டு, ‘எடை நிலையாக இருக்கிறது’ என்று கவலைப்படுவான்.

அவனது கணக்கு முழுதாகத் தோற்றது போன மாதக் கலியாணமொன்றில். பழைய முறைப்படி சகன் வைத்தார்கள். ஆறு பேர் வட்டமாகப் பாயில், நடுவில் ஒரே பெரிய தட்டு, நெய்ச்சோறு, மாட்டிறைச்சி, கோழிப் பொரியல், கத்தரிக்காய் மோச்சு. மகன் கைப்பேசியை எடுத்தான். தட்டில் மொத்தம் எவ்வளவு, அதில் ஆறிலொன்று எவ்வளவு, எதிரே இருப்பவர் தன் பங்கை விட வேகமாகத் தின்றால் அதை எங்கே கழிப்பது என்று அவன் யோசிப்பது எனக்குத் தெரிந்தது. அவன் பக்கம் சோறு குறையக் குறைய, பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர் தன் பக்கத்து இறைச்சித் துண்டுகளை விரலால் ஒவ்வொன்றாக அவன் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். சகனில் அதுதான் மரியாதை. மகன் ஒவ்வொரு துண்டையும் பதிந்தான். அழித்தான். மறுபடி பதிந்தான். பெரியவர் கடைசியில் பொறுமையிழந்தார்.

“போனை வெச்சிட்டுத் தின்னுங்க தம்பி. இங்க கணக்குப் பாக்கிற ஆள் வேற. அந்தா, பொண்ணுட வாப்பா, வாசல்ல நிக்காரு.”